ஏடு சில, பொறுப்பு ஒருவர்: ரங்கூன் மொகல் தெருக் கடைகளின் வேலைப் பங்கீடு

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930இல் தன் அறிக்கையை அளித்தது. அந்நாட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றின் வழியாகப் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் அது மதிப்பிட்டது. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் பகுதி எதுவானாலும், ஒரு சம்சாரி ஒரு நாள் பயணத்துக்குள் ஒரு செட்டியார் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தக் கடைகள் அனைத்துக்கும் மையம் ரங்கூன் மொகல் தெரு. இன்றைய யாங்கூனின் பபேடான் வட்டத்தில் அந்தத் தெரு இருக்கிறது. ஷ்வே பொந்தா தெரு என்று பெயர் மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் 75 கோடி ரூபாய் என்பது மிகப் பெரிய தொகை. அதைக் கையாண்ட கடை ஒவ்வொன்றிலும் இருந்தவர்களோ நான்கைந்து பேர். மேலாள் ஒருவர், அவருக்குக் கீழே அடுத்தாள் ஒருவரோ இருவரோ, பெட்டியடிப் பையன், சமையலாள். ஏடுகளும் சிலதான். அன்றாடம் நடந்ததை நடந்த வரிசையில் எழுதும் குறிப்பு, அதிலிருந்து ஆள்வாரியாகப் பெயர்த்தெழுதும் பேரேடு, வட்டிச் சிட்டை, கணக்கு முடிக்கும்போது பற்றையும் வரவையும் நேர்நிறுத்திக் கட்டும் ஐந்தொகை. ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு நிற்க வேண்டும் என்ற முறை இந்த ஏடுகள் அனைத்திலும் கண்டிப்பாக இருந்தது. கடன், வைப்பு, உண்டியல் எனும் பணமாற்றுச் சீட்டு, வட்டி, வசூல், கடைச் செலவு, தருமம் எல்லாமே இந்தச் சில ஏடுகளுக்குள் அடங்கின.

இத்தனை பெரிய கொடுக்கல் வாங்கல் இத்தனை குறைந்த ஏடுகளோடும் ஆட்களோடும் எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இது பழங்கதைக் கேள்வி அல்ல. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பல, பத்துப் பதினைந்து கருவிகளைத் தூக்கிவிட்டு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. கருவிகளைக் குறைத்த பிறகு, அவற்றை இயக்கிக்கொண்டிருந்த குழுவை எப்படி மறுபடி அமைப்பது என்று தெரியாமல் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்துக்கு மொகல் தெருவில் ஒரு விடை இருக்கிறது. அந்த விடை எந்த இடத்தில் உடைந்தது என்பதும் அதே தெருவின் வரலாற்றில் இருக்கிறது.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விற்பனை, விளம்பரம், வாடிக்கையாளர் பராமரிப்பு, பில், வசூல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல நிறுவனங்களில் ‘ரெவ் ஆப்ஸ்’ என்ற குழு பிறந்தது. வருவாய்ச் செயற்பாட்டுக் குழு என்று தமிழில் சொல்லலாம். அதே காலத்தில்தான் கருவிகளும் பெருகின. சந்தைப்படுத்தலுக்கான மென்பொருள்களை ஆண்டுதோறும் தொகுத்துவரும் ஸ்காட் பிரிங்கர் 2011இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 150 கருவிகள் இருந்தன. 2024இல் அது 14,000ஐத் தாண்டியது. ஒவ்வொரு கருவி வந்தபோதும் அதைக் கவனிக்க ஓர் ஆள் வந்தார். சி.ஆர்.எம். பார்ப்பவர், மின்னஞ்சல் கருவி பார்ப்பவர், பில் மென்பொருள் பார்ப்பவர், அவற்றிலிருந்து தரவை எடுத்து டாஷ்போர்டு செய்பவர் என்று குழுவே கருவிகளின் பெயரால் பிரிந்தது. 2022க்குப் பிறகு வட்டி விகிதம் ஏறி முதலீடு சுருங்கியபோது, மென்பொருள் சந்தாக்களும் சுருங்கின. பல வேலைகளை ஒரே தொகுப்பில் தரும் விற்பனையாளரிடம் நிறுவனங்கள் போயின. ஜோஹோ 2017இலேயே ஜோஹோ ஒன் என்ற பெயரில் அப்படியொரு தொகுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது.

கருவி போனபின் அதன் பெயரால் அழைக்கப்பட்ட ஆள் மட்டும் மிஞ்சினார். பெரும்பாலான நிறுவனங்கள் அப்போது செய்வது இரண்டில் ஒன்று. மிஞ்சியவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். அல்லது புதிய தொகுப்பின் உட்பிரிவுகளை எண்ணி, பிரிவுக்கு ஓர் ஆள் என்று மறுபடியும் பங்கு போடுவார்கள். இரண்டாவது வழி மனிதாபிமானமாகத் தெரியலாம். ஆனால் பழைய பிரிவினையை ஒரே கூரையின்கீழ் மறுபடி கட்டுவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டவில்லை என்றால், ஏன் என்று கேட்டுத் தீர்க்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அப்போதும் விடை இருக்காது.

மொகல் தெருவில் அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. கடனைக் கொடுத்தவர் மேலாள். அது திரும்பி வரவில்லை என்றாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

மேலாள் முதலாளி அல்ல. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவரிடமிருந்து முகவர் அதிகாரப் பத்திரம் பெற்று, வழக்கமாக மூன்று ஆண்டுக் கெடுவில் கப்பலேறுவார் மேலாள். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும்; கெடு முடிந்ததும் லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. யாருக்குக் கடன், எவ்வளவு, எந்தப் பிணையில், என்ன வட்டியில் என்ற முடிவுகள் எல்லாம் அவருடையவை. பக்கத்துக் கடையிலிருந்து கைமாற்று வாங்குவதும் அவர் முடிவே. கடலுக்கு இப்பால் இருக்கும் முதலாளியைக் கேட்டுக்கொண்டு கடன் கொடுக்க முடியாது. நாற்று நடும் பருவம் அதுவரை காத்திருக்காது.

அடுத்தாள் கணக்கு எழுதுவார், வசூலுக்குப் போவார். பையன் பெட்டியடியில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்வான், குறிப்பைப் படியெடுப்பான், படியெடுக்கப் படியெடுக்க யார் நாணயமானவர், யார் இழுத்தடிப்பவர் என்று தெரிந்துகொள்வான். சில ஆண்டுகளில் அடுத்தாள் ஆவான். கெட்டிக்காரன் என்றால் பிறகு மேலாள். இந்த ஏணியின் அன்றாடத்தை அறிய விரும்புபவர் ப. சிங்காரத்தின் நாவல்களைப் படிக்கலாம். அவர் தாமே 1938இல் மேடானுக்குப் போய் அப்படியொரு கடையில் வேலை பார்த்தவர். ‘புயலிலே ஒரு தோணி’ நடப்பது சுமத்ராவிலும் பினாங்கிலும்தான். ஆனாலும் அந்த அடுக்குமுறை ரங்கூனுக்கும் பொருந்தும்.

இந்தப் பங்கீட்டை நுணுகிப் பார்த்தால், ஏட்டுக்கு ஓர் ஆள் என்ற பிரிவினை அதில் எங்கும் இல்லை. பேரேட்டுக்கென்று ஒருவர், வட்டிச் சிட்டைக்கென்று ஒருவர் என்று வைத்துக்கொள்ளவில்லை. முடிவெடுப்பவர், அதைச் செய்து முடிப்பவர், பார்த்துக் கற்பவர் என்று மூன்று படிகள் இருந்தன. ஏடு எல்லோருக்கும் பொது. ஏடு இன்னும் ஒன்று கூடியிருந்தாலும் ஒன்று குறைந்திருந்தாலும் கடையின் அமைப்பு மாறியிருக்காது. கருவிகளைக் குறைத்த குழு ஒன்று முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கொடுப்பவரும் வசூலிப்பவரும் ஒருவரே என்றால் ஓர் ஆபத்து உண்டு. கெட்டுப்போன கடனை அவர் மறைக்கலாம். பழைய பாக்கியைத் தீர்த்ததாகக் காட்டப் புதுக் கடன் எழுதிக்கொள்ளலாம். தன் கெடு முடியும்வரை ஐந்தொகையை அழகாக வைத்திருந்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம். இன்றைய விற்பனையாளர் காலாண்டு முடிவில் எப்படியாவது ஓர் ஒப்பந்தத்தை எழுதி வாங்கிவிட்டு, அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு நிற்பாரா என்பதை வேறு யாரோ பார்க்கட்டும் என்று விடுவதும் இதே நோய்தான். இதற்கு இன்று நாம் கண்டிருக்கும் மருந்து வேலையைப் பிரிப்பது. விற்பவர் ஒருவர், பில் போடுபவர் ஒருவர், வசூல் ஒருவர், புதுப்பிப்பு ஒருவர். ஆபத்து குறைகிறது, அத்தோடு பொறுப்பும் காணாமல் போகிறது.

நகரத்தார் வேறு வழி கண்டார்கள். பொறுப்பை ஒருவரிடமே விட்டு, அதற்குக் கெடு வைத்தார்கள். குறிப்பின் நகல் அஞ்சலில் ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தது. மூன்று ஆண்டு முடியும்போது அடுத்த மேலாள் வந்து இறங்குவார். பழையவர் உடனே கிளம்பிவிட முடியாது. கொஞ்ச காலம் கூட இருந்து, கடன்காரர்களை அறிமுகம் செய்து, நிலுவைகளைக் காட்டி ஒப்படைக்க வேண்டும். புதிதாக வருபவர் அந்த நிலுவைகளைத் தன் தலையில் ஏற்கப் போகிறவர். அடுத்த மூன்றாண்டு லாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. கெட்ட கடனை நல்ல கடன் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. வெளியிலிருந்து வரும் எந்தத் தணிக்கையாளரும் இந்த வாரிசு அளவுக்குத் துருவிப் பார்த்திருக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண்காணிப்புக்கென்று தனி ஆளும் தனி ஏடும் தேவைப்படாமல், பொறுப்பு கை மாறும் தருணத்தையே கண்காணிப்பாக ஆக்கிவிட்டார்கள்.

இன்றைய குழுவுக்கு இதை அப்படியே எடுத்துப் போட முடியாது. ஆனால் ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தை ஒருவரிடம் முழுதாக, விலை பேசுவதிலிருந்து பணம் வந்து சேரும்வரை, ஒப்படைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கூட்டத்தை வேறொருவருக்கு மாற்றலாம். மாற்றும்போது இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் பார்த்து, புதியவர் எவற்றை நல்லவை என்று ஏற்கிறார், எவற்றை ஏற்கவில்லை என்று எழுதி வைக்கலாம். எல்லாத் தரவும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இது நடக்கும். கருவிகளைக் குறைத்ததன் உண்மையான பயனே அங்குதான் கைக்கு வருகிறது. சந்தாச் செலவு மிச்சமாவது அதோடு ஒப்பிட்டால் சிறிய பயன்.

கடைகளுக்குள் மட்டுமல்ல, கடைகளுக்கு இடையிலும் வேலை சுருங்கியிருந்தது. நகரத்தார் தங்களுக்குள் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கு நடப்பு வட்டி என்று ஒன்று உண்டு. ரங்கூனில் அதை மாதந்தோறும் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு வைக்கும் பணத்துக்குத் தவணை வட்டி. விகிதம் ஒருமுறை முடிவாகிவிட்டால், நூற்றுக்கணக்கான கடைகள் ஒன்றோடொன்று வைத்திருந்த கணக்குகளில் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டியதில்லை. ஒரே எண் எல்லாப் பேரேடுகளுக்கும் போதும். வெளியாருக்குக் கொடுக்கும் கடனுக்கு மட்டும் பிணைக்கும் ஆளுக்கும் ஏற்ப வட்டி வேறுபட்டது. நல்ல நிலப் பிணை என்றால் மாதம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றேகால் என்ற அளவில் இருக்கும். பிணை இல்லையென்றால் அதைவிடக் கூடும். அங்கே மேலாளின் மதிப்பீடு தேவைப்பட்டது. எங்கே மதிப்பீடு தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்துவிட்டதால்தான் நான்கைந்து பேர் போதுமானார்கள்.

கடைகளின் பெயரும் இப்படித்தான். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசம் ஒன்றே கடையை அடையாளம் காட்டும். உண்டியலில் அந்த விலாசத்தைக் கண்டால், எந்தக் குடும்பம், யாருக்கு யார் பங்காளி, எந்தக் கடையோடு உறவு என்பது இன்னொரு நகரத்தாருக்கு உடனே விளங்கிவிடும். கோயிலுக்கும் தருமத்துக்கும் செலுத்தும் மகமையும் அதே பேரேட்டில் ஒரு பெயராக ஏறியது. தனிக் கணக்கு, தனிப் பொறுப்பாளர் எதுவும் கிடையாது.

இந்த எளிமை உறவுமுறையால் வந்தது, ஒரே சாதிக்குள் இருந்த நம்பிக்கையால் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. வெளியாருக்கு அந்தக் கோயில் கூட்டத்தில் இடமில்லை. கடன் வாங்கிய பர்மியச் சம்சாரிக்கு வட்டியை நிர்ணயிப்பதில் குரலே இல்லை. எளிமை யாருக்கு எளிமை என்ற கேள்வியை எந்தச் சீரமைப்பிலும் கேட்க வேண்டும். இன்றைய நிறுவனமும் கருவிகளைக் குறைக்கும்போது பல நேரங்களில் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு வாடிக்கையாளரின் வேலையைக் கூட்டிவிடுகிறது.

முடிவெடுக்கும் இடத்தை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல சான்று உண்டு. மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஃபோர்டு நிறுவனத்தின் கதையைச் சொன்னார். ஃபோர்டில் சரக்குக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினி வைத்து 400 ஆகக் குறைக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். மாஸ்டாவில் அதே வேலைக்கு ஐந்து பேர் என்று தெரிந்ததும் திட்டத்தையே மாற்றினார்கள். அதுவரை கொள்முதல் ஆணை, சரக்கு வந்த சீட்டு, விற்பவரின் பில் ஆகியவற்றில் இருந்த 14 விவரங்களை ஒப்பிடுவதுதான் அந்த ஆட்களின் வேலை. பில் என்பதையே எடுத்துவிட்டு, சரக்கு இறங்கும் இடத்தில் நிற்கும் எழுத்தரிடம் முடிவைக் கொடுத்தார்கள். வந்த சரக்கு ஆணையோடு ஒத்துப்போனால் அவர் ஏற்றுக்கொள்வார். பணம் தானே போகும். ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்புவார். ஒப்பிட வேண்டிய விவரங்கள் மூன்றாயின. ஆட்கள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தார்கள்.

அந்த எழுத்தர் செய்ததும் மொகல் தெரு மேலாள் செய்ததும் ஒரே இனத்து வேலை. விவரம் தெரிந்த இடத்திலேயே முடிவு எடுக்கப்பட்டது. ஆனால் ஃபோர்டு கதையில் வேலை போனவர்களைப் பற்றி மேலாண்மை நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அங்கேதான் பெட்டியடிப் பையன் என் நினைவுக்கு வருகிறான். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைப் பெயர்ப்பது, இரட்டைப் பதிவுகளை நீக்குவது, விட்டுப்போன கட்டங்களை நிரப்புவது போன்றவை சலிப்பான வேலைகள்தாம். கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் நிறுவனத்தின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்று கற்றுக்கொண்டதோ அந்த வேலைகளில்தான். கருவிகள் குறையும்போது முதலில் மறைவது அவர்களின் இடம். நகரத்தார் கடையில் படியெடுக்கும் வேலை ஊழியமாகவும் படிப்பாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. படியெடுக்கும் வேலை இனி இல்லையென்றால், படிப்புக்கு வேறு இடம் கட்டித்தர வேண்டும். அனுபவமுள்ளவர் விலை பேசும்போது பக்கத்தில் உட்காரவைக்கலாம், வசூல் அழைப்புகளைக் கேட்கவைக்கலாம், சிறிய கணக்குகள் சிலவற்றை முழுப் பொறுப்போடு கொடுத்துப் பார்க்கலாம். இதைச் செய்யாத குழுவில் பத்தாண்டு கழித்து மேலாள் ஆகத் தகுதியுள்ளவர் இருக்க மாட்டார்.

இனி அந்த அமைப்பு உடைந்த கதை.

1850களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த பரப்பு பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. காட்டையும் சதுப்பையும் திருத்திய உழைப்பு பர்மியச் சம்சாரிகளுடையதும் தமிழ், தெலுங்குக் கூலிகளுடையதும். அதற்கான பணத்தில் பெரும்பகுதி செட்டியார் கடைகளிலிருந்து போனது. மழைக்காலம் தொடங்கும்போது ரங்கூனிலிருந்து பெகு, பியாப்பொன், ஹென்ஸாடா போன்ற ஊர்களின் கடைகளுக்குப் பணம் போகும். அறுவடை முடிந்து நெல் விற்றதும் திரும்பும். குறிப்பு, பேரேடு, மேலாள், மூன்றாண்டுக் கெடு எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. அந்தக் கடைகள் விரும்பியது பணம் சுழல்வதைத்தான். நிலம் பிணையாக மட்டும் இருந்தது.

1930இல் உலக மந்தம் பர்மா நெல்லைத் தாக்கியது. விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. அசலை விடுங்கள், வட்டியே வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் தாராவாடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தது. கடனுக்கு ஈடாக நிலம் கடைகளின் பெயருக்கு மாறத் தொடங்கியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் வசம் இருந்தது மொத்த நிலத்தில் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் கால்வாசி நிலம் கடல் கடந்த முதலாளிகளின் பெயரில் இருந்தது. தலைமுறை உழைப்பில் திருத்திய வயலில் சம்சாரி குத்தகைக்காரனாக நின்றான். அந்தக் கோபத்தின் நியாயத்தைத் தமிழராகிய நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏடுகளைப் பொறுத்தவரை இதில் குழப்பம் ஏதும் இல்லை. வராத கடன் பேரேட்டில் குறையும். நிலம் என்ற பெயரில் அதே தொகை ஏறும். ஐந்தொகை நேராக நிற்கும். கணக்கு சரியாக இருந்தது, ஆனால் வேலையின் தன்மை அடியோடு மாறிவிட்டது. கடன் கொடுப்பவருக்கு ஆளைத் தெரிந்தால் போதும். நிலம் வைத்திருப்பவருக்கு வயல் தெரிய வேண்டும், கரை உடைந்தால் கட்ட வேண்டும், விளையாத ஆண்டில் எவ்வளவு குத்தகை தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டும், நெல்லை வாங்கி வைத்து விற்க வேண்டும், நிலவரி கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குத்தகைக்காரர்களோடு பல ஆண்டு உறவு வேண்டும். மூன்று ஆண்டில் ஊர் திரும்பும் மேலாளுக்கு ஓர் ஏக்கரைச் சீராக்குவதில் என்ன லாபம்? அவருடைய பங்கு கெடு முடியும்போது கணக்கிடப்படும். அவருக்குப் பயன் தருவது இந்த ஆண்டுக் குத்தகையை முழுதாக வசூலிப்பது மட்டும்தான். கொடுத்து வாங்குவதற்கென்று அமைந்த கடை, அமைப்பு மாறாமலே பண்ணையாராகிவிட்டது. முன்பு கட்டுப்பாடாக இருந்த அதே கெடு, இப்போது குத்தகைக்காரனை நெருக்கும் கயிறாக மாறியது.

விலைச் சரிவுக்கும் பேரரசின் நிலக் கொள்கைக்கும் ஒரு வேலைப் பங்கீட்டைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். மொகல் தெரு வேறு விதமாக அமைந்திருந்தாலும் பர்மிய தேசியம் எழுந்திருக்கும், 1939க்கும் 1941க்கும் இடையே குத்தகை, நில உரிமை பற்றிய சட்டங்கள் வந்திருக்கும், 1942இல் ஜப்பானியர் வந்திருப்பார்கள், 1948இல் நிலம் நாட்டுடைமை ஆகியிருக்கும். ஆயினும் 1930க்கும் 1938க்கும் இடையே அந்தக் கடைகளுக்கு எட்டு ஆண்டு இருந்தது. தாம் இப்போது செய்துகொண்டிருப்பது வேறு வேலை என்று உணர்ந்து ஆட்களையும் கெடுவையும் மாற்றியமைக்க அது போதுமான காலம். பெரும்பாலானவர்கள் விலை ஏறும்வரை பொறுத்திருக்கலாம் என்று நினைத்தார்கள்.

அப்படி நினைக்காதவர்களும் இருந்தார்கள். 1900இல் மௌல்மேனில் தொழில் தொடங்கிய ஏ.எம். முருகப்ப செட்டியாரின் குடும்பம், ஜப்பானியப் படையெடுப்புக்கு முன்பே, 1930களில் தன் முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து தொழில்களுக்குத் திருப்பியது, 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் எழுந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். வெளிநாட்டு வங்கித் தொழிலும் அந்நியச் செலாவணியும் அதன் நோக்கம். கடைக்கு ஒரு விலாசம், விலாசத்துக்கு ஒரு மேலாள் என்ற முறையை விட்டுவிட்டு, பங்குதாரர், இயக்குநர் குழு, கிளை மேலாளர் என்ற அமைப்புக்கு அவர் போனார். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. வருவாய் இனி எதிலிருந்து வரும் என்று முதலில் முடிவு செய்து, அதற்குப் பிறகு ஆட்களை அடுக்கினார் என்பதே அவரிடம் நான் காணும் வேறுபாடு.

இன்று சந்தா முறையில் மென்பொருள் விற்கும் நிறுவனங்களிடம் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. அவர்களின் வருவாய்க் குழுக்கள் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்ற வருவாய்க்காக அமைக்கப்பட்டவை. செயற்கை நுண்ணறிவு வந்தபின், பயன்படுத்திய அளவுக்குப் பணம் என்ற முறைக்குப் பலர் நகர்கிறார்கள். பில் மென்பொருளில் இது ஒரு புதிய கட்டம், டாஷ்போர்டில் ஒரு புதிய வரி. ஏடு அதை எளிதாக ஏற்றுக்கொள்ளும், மொகல் தெருப் பேரேடு நிலத்தை ஏற்றுக்கொண்டது போலவே. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கப் பழகிய ஆளுக்கும், வாடிக்கையாளர் இந்த வாரம் ஏன் குறைவாகப் பயன்படுத்தினார் என்று பார்த்து உடனே பேச வேண்டிய ஆளுக்கும் வேலை வேறு, கற்க வேண்டியது வேறு, பங்கு கணக்கிடும் காலமும் வேறு. கருவிகளைக் குறைத்து முடித்து, குழுவை மறுபடி அமைக்க உட்காரும் நிறுவனம் தன் ஐந்தொகையில் எந்த வரி மூன்றாண்டுக்கு முன் இல்லாதது என்று முதலில் தேட வேண்டும். அந்த வரிக்குப் பொறுப்பாக யார் பெயரை எழுதுவது என்று தீர்மானித்த பிறகு மற்றவர்களின் இடங்களைப் பேசலாம்.